பன்னிரண்டாயிரம் சுற்று

பீம்ராவின் இயந்திரம் முதன்முதலாக நைலான் தகட்டைத் தொட்ட ஞாயிற்றுக்கிழமை, ராயபுரத்தில் மஜீது பாயின் லேத்துப் பட்டறை முழுக்க முடி பொசுங்கிய வாடை அடித்தது. வெட்டுமுனையைச் சுற்றி வெள்ளையாக ஒரு கட்டி பருத்துக்கொண்டே போனது. பீம்ராவ் தாவிப் போய் சுவிட்சை அணைத்தான். முனை நிற்பதற்குள் கட்டி இறுகிக் கல்லாகிவிட்டது.

அவன் மனைவி ரமாபாய் குனிந்து தகட்டைப் பார்த்தாள். வெட்டிய பள்ளம் பின்னாலேயே உருகி மூடிக்கொண்டு, ஆறிய காயத்தின் தழும்பு மாதிரி கிடந்தது.

"வெட்டுன்னு சொன்னா சுட்டு வெச்சிகீது," என்றார் மஜீது.

பீம்ராவ் துறைமுகத்துப் பணிமனையில் ஃபிட்டர். ஞாயிற்றுக்கிழமையானால் வியாசர்பாடியில் அவன் வயது ஆட்கள் பந்து ஆடப் போவார்கள். இவன் ஒன்றரை வருடமாக இந்தப் பட்டறையின் மூலையில் குந்தியிருந்தான். பெரிய கம்பெனிகளில் சி.என்.சி. என்று கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்திருப்பார்களே, கம்ப்யூட்டரில் படம் போட்டால் அதே கோட்டில் தானாக நகர்ந்து வெட்டும் இயந்திரம், அதைக் கையால் கட்டிப் பார்த்துவிட வேண்டும் என்று அவனுக்கு ஒரு பித்து. சட்டம் காயலான் கடை அலுமினியம். நகர்த்தும் மோட்டார்கள் செத்துப்போன பிரிண்டர்களில் பிடுங்கியவை. வெட்டும் தலைக்கு, தச்சர்கள் பலகையின் ஓரம் இழைக்கிற ரூட்டர் ஒன்றைப் பொருத்தியிருந்தான். நிமிடத்துக்கு இருபத்தேழாயிரம் சுற்று என்று அதன் வயிற்றில் அச்சடித்திருந்தது. ஆன் செய்தால் இருபத்தேழாயிரம், ஆஃப் செய்தால் பூஜ்யம். நடுவில் எதுவும் கிடையாது.

மரத்தை அது நன்றாகவே வெட்டியது. நைலான் என்கிற வம்பைக் கொண்டுவந்தது காசிமேட்டு கோவிந்தம்மா. தம்பி படகின் புரொப்பல்லர் தண்டைக் கடைசல் பிடிக்கக் கொடுத்துவிட்டு வாங்கிப் போக வந்தவள், மூலையில் தானாக நகர்ந்துகொண்டிருந்த இயந்திரத்தைக் கொஞ்ச நேரம் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாள். பிறகு இடுப்பிலிருந்து வலை பின்னும் ஊசியை உருவி நீட்டினாள். ஒரு சாண் நீளம், தட்டையான உடம்பு, நடுவில் நாக்கு மாதிரி ஒரு முள். அதில்தான் நூலைச் சுற்றிக்கொள்வார்கள்.

"இந்த மாரி ஒண்ணு போடுமா இது? கடையில ரெண்டே சைஸுதான் கீது. பொடிக்கண்ணு வலைக்குள்ள பூரமாட்டேங்குது. இத்த விட சன்னமா வோணும்."

"போட்டுடலாம்க்கா," என்று பீம்ராவ் யோசிக்காமல் சொல்லிவிட்டான். அதன் பலன்தான் இந்தப் பொசுங்கல் வாடை.

ரமாபாய்க்குத் தண்டையார்பேட்டையில் ஒரு வாஷிங் மெஷின் சர்வீஸ் கடையில் வேலை. ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவள். ஆனால் கடையில் அவளுக்கு வாய்த்தது கழற்றுவதும் மாட்டுவதும் மட்டும். கெட்ட போர்டை எடு, புது போர்டைப் போடு, அடுத்ததைப் பார். ஏன் கெட்டது என்று கேட்டால் முதலாளி கருணாகரன், "அது தெரிஞ்சி நீ இன்னாம்மா பண்ணப்போற?" என்பார். பன்னிரண்டு வருடம் அப்படியே ஓடியிருந்தது. கணவனின் இயந்திரத்தில் மின்சார வேலை என்று வந்தபோது அவளாகத்தான் உள்ளே புகுந்தாள்.

"சுத்து ஜாஸ்தி. அதான் சூடு," என்றாள். "கொறைச்சிப் பாக்கலாம்."

"எப்டி? அதுல ஒரு பட்டன்தானே கீது?"

"ஃபேனுக்கு ரெகுலேட்டர் போடறோமில்ல."

மறு வாரம் பெரிய டிரில்லிங் மெஷினுக்குப் போடுகிற ரெகுலேட்டர் ஒன்றை வாங்கி வந்து இணைத்தாள். திருகைத் திருப்பினால் ரூட்டரின் அலறல் இறங்கி, முனகலாகி, அடங்கியது. பீம்ராவின் முகம் மலர்ந்தது. முனை தகட்டுக்குள் இறங்கியதுமே சுற்று செத்தது. அச்சு மட்டும் நகர, முனை நைலானில் மாட்டிக்கொண்டு 'டிக்' என்று முறிந்தது. திருகைக் கொஞ்சம் ஏற்றி வைத்தால் வெட்டும்போது சரியாக ஓடியது. ஆனால் மூலை திரும்பச் சுமை குறைந்ததும் வேகம் எகிறி, மறுபடி உருகியது.

"அத்த நிறுத்தாத," என்றார் மஜீது. "திருகு என் கையில இருக்கட்டும். நீ வெட்டு."

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டார். முனை இறங்கிச் சத்தம் தாழ்ந்தபோது விரல்கள் திருகை மெல்ல ஏற்றின. சத்தம் மேலே போகப் பார்த்தபோது இறக்கின. வெளியே கன்டெய்னர் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. அவருக்கு அது காதிலேயே விழவில்லை. முப்பது வருடம் லேத்தோடு இருந்த காது. ஊசியின் வளைவு முழுசாக, சுத்தமாக வெட்டுப்பட்டது. துருவிய தேங்காய் மாதிரி தூள் தூளாக வந்து விழுந்தது, ஒரு துளி உருகல் இல்லை. நாக்கை வெட்ட வேண்டிய நேரத்தில் டீ வந்தது. மஜீது கண்ணைத் திறந்து கிளாஸைப் பார்த்தார். 'டிக்.'

பீம்ராவ் தலையில் கை வைத்துக்கொண்டான். ரமாபாய் சிரிக்கவும் இல்லை, வருத்தப்படவும் இல்லை. மஜீதின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாய், நீங்க இன்னா பண்ணீங்க இப்ப?"

"இன்னா பண்ணேன்? டீ குடிக்கப் பாத்தேன்."

"அதுக்கு முன்னாடி."

"சத்தம் கொறஞ்சா ஏத்துனேன். ஏறுனா கொறச்சேன். வேற இன்னா?"

வேறு ஒன்றும் இல்லைதான். ஆனாலும் பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது அது அவளை விடவில்லை. கேட்கிறார், திருப்புகிறார், மறுபடி கேட்கிறார். ரெகுலேட்டருக்குத் திருகு இருக்கிறது, காது இல்லை. காதை எங்கே போய் வாங்குவது?

புதன்கிழமை கடைக்குக் காலடிப்பேட்டையிலிருந்து ஒரு மெஷின் வந்தது. துணி போட்டுத் தண்ணீர் எடுத்ததும் பேய் பிடித்த மாதிரி சுற்றுகிறதாம். ரமாபாய் பிளக்கை மாட்டினாள். மெதுவாகப் புரட்ட வேண்டிய டிரம், எடுத்த எடுப்பில் முழு வேகத்தில் சீறியது. மெஷின் குதித்துக் குதித்துத் தரையில் இரண்டடி நடந்தது. பிளக்கைப் பிடுங்கினாள். இந்தக் கோளாறு அவளுக்குப் பழக்கம். மோட்டார் தண்டின் பின்முனையில் பொத்தான் அளவுக்கு ஒரு காந்தம் இருக்கும். அதைச் சுற்றி ஒரு கம்பிச் சுருள். காந்தம் கழன்றுவிட்டால் இப்படித்தான் ஓடும். காந்தத்தை மாற்றினால் சரியாகிவிடும். இதே வேலையை நூறு தடவை செய்திருப்பாள்.

கழன்ற காந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவள் அசையாமல் நின்றாள்.

தண்டு சுற்றினால் காந்தம் சுற்றும். காந்தம் சுற்றினால் சுருளில் துளித் துளியாக மின்சாரம் துடிக்கும். எத்தனை துடிப்பு என்று போர்டு எண்ணிக்கொண்டிருக்கிறது. துடிப்பு குறைந்தால் மோட்டாருக்குக் கூடுதலாகக் கொடுக்கிறது. துடிப்பே வராவிட்டால்? மோட்டார் நின்றுவிட்டது என்று நினைத்துக்கொண்டு, இருப்பதையெல்லாம் அள்ளிக் கொடுக்கிறது. இந்த மெஷினுக்குப் பேயும் பிடிக்கவில்லை, ஒன்றும் பிடிக்கவில்லை. காது போய்விட்டது.

காந்தத்தை ஒட்டி, காய வைத்து, மறுபடி ஓட்டினாள். டிரம் அமைதியாகப் புரண்டது. ஈரக் கோணி ஒன்றைப் போட்டாள். அதே வேகம். இன்னும் மூன்றைத் திணித்தாள். மணியைப் பார்த்துச் சுற்றுகளை எண்ணினாள். ஒரு சுற்று கூடக் குறையவில்லை.

"இன்னாம்மா, ஒரே மிஷினை ரெண்டு அவரா கட்டிகினு கீற?" என்று கருணாகரன் உள்ளேயிருந்து வந்தார்.

"சார், பின்னாடி குப்பையில கெடக்குதே பழைய போர்டு, அதுல ரெண்டு எடுத்துக்கட்டா?"

"அதுலாம் செத்த போர்டும்மா."

"தண்ணி தெறக்கற ரிலேதான் சார் செத்துகீது. மோட்டார் பக்கம் நல்லாத்தான் இருக்கும்."

கருணாகரன் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "எடுத்துக்கோ. ஆனா கடை நேரத்துல நோண்டாத."

அடுத்த மூன்று ஞாயிறுகள் அதற்கே போயின. அந்த போர்டில் எந்த மூலையைத் தொட்டாலும் ஷாக் அடிக்கும் என்பதால், முதல் வேலையாக அதை ஒரு மரப்பெட்டிக்குள் அடைத்து, நீளமான பிளாஸ்டிக் தண்டு வைத்த திருகு ஒன்றை மட்டும் வெளியே விட்டாள். பிறகு ரூட்டரின் மேல் மூடியைக் கழற்றினால், தண்டின் முனை அரை அங்குலம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அதில் பீம்ராவ் காந்தத்தை ஒட்டினான். ஓட்டிப் பார்த்தார்கள். இரண்டு விநாடியில் காந்தம் பிய்த்துக்கொண்டு போய்க் கூரைத் தகரத்தில் 'டப்' என்று பட்டு, எங்கோ விழுந்து தொலைந்தது. மூவரும் தரையில் குந்தியிருந்தார்கள். எப்போது குந்தினார்கள் என்று அவர்களுக்கே தெரியவில்லை.

"வாசிங் மிஷினு வேகத்துக்குத்தான் அது லாயக்கு," என்றார் மஜீது தலையைத் தடவிக்கொண்டு. "இதுக்கு ஒட்டுற வேலையே ஆவாது."

"ஒட்டாம, தொடாம எண்ணணும்," என்றாள் ரமாபாய். எதிரே கம்ப்யூட்டர் மேசையில் பந்து உருளும் பழைய மவுஸ் கிடந்தது. அதை ஒருமுறை சுத்தம் செய்யத் திறந்திருக்கிறாள். உள்ளே ஓட்டை ஓட்டையாக ஒரு சின்னச் சக்கரம், இந்தப் பக்கம் ஒரு விளக்கு, அந்தப் பக்கம் ஒரு கண். ஓட்டை கடக்கும்போதெல்லாம் கண் சிமிட்டும். கம்ப்யூட்டர் அதை எண்ணிக்கொள்ளும்.

அவள் மவுஸைக் கையில் எடுத்ததுமே பீம்ராவுக்குப் புரிந்துவிட்டது. "ஐயோ ரமா, ஒண்ணே ஒண்ணுதான் கீது!"

"நாளிக்கி வேற வாங்கிக்கலாம்யா."

தண்டில் இறுக்கமாகப் பொருந்தும் மெல்லிய அலுமினிய வட்டு ஒன்றை மஜீது லேத்தில் கடைந்தார். அதில் ஒரு வெட்டு போட்டால் போதும் என்று ரமாபாய் சொன்னபோது அவர் தலையாட்டி மறுத்தார். "ஒரு பக்கம் மட்டும் வெட்டுனா எடை சாஞ்சி ஒதறும். எதிரெதுரா ரெண்டு போடணும்." அவர் சொன்னதுதான் சரி. அவள் தன் கணக்கை இரட்டித்துக்கொண்டு, போர்டில் எண்ணிக்கைக்கான கண்டென்சரை அதற்கேற்ப மாற்றினாள்.

மவுஸின் விளக்கையும் கண்ணையும் வட்டின் இரு பக்கமும் பொருத்தி ஓட்டியபோது மோட்டார் ஊளையிட்டது. உய்ய்ய் என்று ஏறும், ம்ம்ம் என்று இறங்கும், மறுபடி ஏறும். தெருநாய் ஒன்று வாசலில் வந்து நின்று பார்த்தது.

"காது வந்துகீது. ஆனா பைத்தியம் புடிச்சிகீது," என்றான் பீம்ராவ்.

ரமாபாய்க்கு அந்தச் சத்தம் பிடித்திருந்தது. உள்ளே ஏதோ ஒன்று கேட்கிறது, பதில் சொல்கிறது. அதில் சந்தேகமே இல்லை. அவசரப்படுகிறது, அவ்வளவுதான். கொஞ்சம் குறைந்தால் ஒரேயடியாக ஏற்றிவிடுகிறது. ஏறியதும் பதறிப்போய் ஒரேயடியாக இறக்குகிறது. மஜீது பாய் திருகைத் திருப்பியபோது ஒவ்வொரு முறையும் ஒரு நொடி பொறுத்துத்தான் அடுத்த திருப்பு திருப்பினார். அந்த ஒரு நொடி போர்டுக்கு வேண்டும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, திருத்தத்தைத் தாமதப்படுத்தும் இடத்தில் இன்னும் பெரிய கண்டென்சரைச் சேர்த்தாள். ஊளை விம்மலாகியது. அதையும் மாற்றி இன்னொன்று போட்டாள். விம்மல் நின்று, ஒரே சுருதியில் சீராக ஓடியது.

"இப்ப எத்தினி சுத்து?" என்றான் பீம்ராவ். நைலானுக்குப் பன்னிரண்டாயிரம் வேண்டும் என்று யாரோ அவனுக்குச் சொல்லியிருந்தார்கள். அளக்கிற கருவி மூவரிடமும் இல்லை.

ரமாபாய் மேலே பார்த்தாள். "ஷட்டரை இறக்குய்யா. டூப்லைட்டு மட்டும் இருக்கட்டும்."

டியூப்லைட் விடாமல் எரிவது மாதிரிதான் தெரியும். உண்மையில் விநாடிக்கு நூறு தடவை மினுக்குகிறது. சுழலும் தண்டில் வெள்ளையாக ஒரு கோடு போட்டால், ஒவ்வொரு மினுக்கலுக்கும் அது சரியாக ஒரு சுற்று சுற்றி அதே இடத்துக்கு வரும்போது, நிற்பது மாதிரி தெரிய வேண்டும். அது ஆறாயிரம். மினுக்கலுக்கு இரண்டு சுற்று வந்தாலும் அப்படித்தான் தெரியும். அது பன்னிரண்டாயிரம்.

தண்டில் கோடு போட்டுவிட்டு, திருகை அடியிலிருந்து மெல்ல ஏற்றினாள். தண்டின் சாம்பல் மங்கலில் மூன்று கோடுகள் தோன்றி நகர்ந்தன, கலைந்தன. பிறகு ஒற்றைக் கோடு மெல்ல மெல்ல நகர்ந்து வந்து நின்றது. "ஆறு," என்றாள். இன்னும் ஏற்றினாள். எதிரெதிராக இரண்டு கோடுகள் வந்து போயின. மறுபடி ஒற்றைக் கோடு, மங்கலாக, சோம்பலாக ஊர்ந்து வந்து, அவளுக்கு நேர் எதிரே நின்றது. காதில் அலறல், கண்ணுக்கு எதிரே அசையாத தண்டு. அத்தனை அழகாக நின்றது. கோடு உண்மையில் எங்கே இருக்கிறது? ரமாபாயின் விரல் தானாக அதை நோக்கிப் போனது.

சுளீரென்று கையில் ஓர் அடி விழுந்தது. மஜீது அளவுகோலை ஓங்கியபடி நின்றிருந்தார். முகம் வெளுத்திருந்தது.

"இன்னாம்மா நீ! வெரலு போயிருக்கும்! லேத்து மேல நான் எதுக்குக் குண்டு பல்பு தொங்க விட்டுகீறேன்னு நெனச்ச? டூப்லைட்டுல ஓடுறது நிக்கிற மாரியே தெரியும். எத்தினி பேரு கைய வுட்டுருக்கானுங்க தெரியுமா!"

ரமாபாய் கையைத் தேய்த்துக்கொண்டாள். வலித்தது. பீம்ராவ் ஷட்டரைத் தூக்கி விட்டான். வெயில் உள்ளே வந்ததும் கோடு கரைந்து மறைந்தது. திருகு நின்ற இடத்தில் அவள் பேனாவால் ஒரு புள்ளி வைத்தாள். பிறகு ரூட்டரைச் சுற்றிக் கம்பி வலை கட்டி முடிக்கும்வரை மஜீது இயந்திரத்தைத் தொடவிடவில்லை.

கோவிந்தம்மா வந்தபோது மதியம் மூன்று மணி. கிழிந்த வலையின் ஒரு துண்டைக் கக்கத்தில் இடுக்கியிருந்தாள். பீம்ராவ் நைலான் தகட்டைக் கவ்வியில் இறுக்கினான். முனை இறங்கியது. சத்தம் ஒரு கணம் தயங்கி, உடனே பழைய சுருதிக்கு வந்துவிட்டது. வெள்ளைத் தூள் பறந்தது. வாடை இல்லை. வளைவில் சத்தம் மாறவில்லை. மூலையில் மாறவில்லை. மஜீது வழக்கம்போல் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். செய்ய ஒன்றும் இல்லாத விரல்களைத் தொடையில் வைத்திருந்தார்.

நாக்கை வெட்டிக்கொண்டிருக்கும்போது பக்கத்துப் பட்டறையில் வெல்டிங் ஆரம்பித்தார்கள். மஜீதின் குண்டு பல்பு சிவந்து மங்கியது. டியூப்லைட் துடித்தது. மூலையில் ஓடிக்கொண்டிருந்த டேபிள் ஃபேன் தளர்ந்தது. பீம்ராவின் கை சுவிட்சுக்குப் போய்விட்டது.

"இரு," என்றாள் ரமாபாய். "கேளு."

ரூட்டர் அதே சுருதியில் ஓடியது. வெளிச்சம் ஏறி இறங்கி, ஏறி இறங்கிக்கொண்டிருக்க, முனை எதையும் பொருட்படுத்தாமல் நாக்கைச் சுற்றி வந்தது. இதை அவள் திட்டமிடவே இல்லை. சுமைக்காக மட்டுமே யோசித்து வைத்தாள். ஆனால் வேகம் ஏன் குறைகிறது என்பது அந்தக் காதுக்குத் தேவையே இல்லை. குறைகிறதா இல்லையா, அவ்வளவுதான். அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. சிரிப்பும் வந்தது.

முனை மேலே எழும்பி நின்றது. பீம்ராவ் ஊசியைப் பெயர்த்துத் தூளை ஊதிவிட்டுக் கொடுத்தான். கோவிந்தம்மா அதன் ஓரத்தில் கட்டைவிரல் நகத்தை ஓட்டினாள். நாக்கை வளைத்து விட்டாள், விண்ணென்று திரும்பியது. நூல் சுற்றி, வலைத் துண்டை மஜீதின் ஸ்டூல் காலில் மாட்டி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஐந்தாறு முடிச்சு போட்டுவிட்டாள்.

"பூருது," என்றாள். "ஆனா நாக்கு முனையில நூலு மாட்டுது பாரு. அங்க இன்னும் கொஞ்சம் மழுங்கலா வோணும்."

"படத்துல மாத்திடறேன்க்கா," என்றான் பீம்ராவ். அப்போதே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டான்.

"அது சரி, லைட்டு செத்துச்சே, இது மட்டும் எப்டி சாவல?"

யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவள் மாதிரி ரமாபாய் ஆரம்பித்தாள். வட்டைக் காட்டினாள், மவுஸின் கண்ணைக் காட்டினாள், எண்ணுவதையும் ஏற்றுவதையும் சொன்னாள். கோவிந்தம்மா முடிச்சு போடுவதை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டாள்.

"ஓகோ. எங்க போட்டு இஞ்சின்லயும் இப்டி ஒண்ணு கீதே. வலைய இழுக்க சொல்லோ இஞ்சின் முக்கும், அப்பறம் தானா டீசலு ஏத்திக்கும். தம்பி அத்த கவர்னருன்னு சொல்லுவான்."

"டீசல் இஞ்சின்லயா?" ரமாபாய் எழுந்து நின்றுவிட்டாள். "அதுல கரன்டு ஏதுக்கா? போர்டு ஏது? அது எப்டி எண்ணும்?"

"எனுக்கு இன்னா தெரியும்? ரெண்டு இரும்புக் குண்டு கீதாம், சுத்தசொல்லோ விரியுமாம். மூடியக் கழட்டித்தான் வெச்சிகீறான். போட்டு இப்ப கரையிலதான் நிக்கிது."

ரமாபாய் கையிலிருந்த தூளைப் புடவையில் துடைத்தாள். பீம்ராவ் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "போய்ட்டு வா ரமா, நான் இன்னொண்ணு போட்டுகினு இருக்கேன்," என்றான். சொல்லி முடிப்பதற்குள் அவள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். கோவிந்தம்மா வலைத் துண்டைச் சுருட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தாள்.

"குண்டு விரியும்னா, அது எதைத் தள்ளும்க்கா?" என்று கேட்டுக்கொண்டே ரமாபாய் லாரிகளுக்கு நடுவில் ரோட்டைத் தாண்டினாள்.